வேகம் யார் கையில்? மழலையர் வகுப்பில் கலப்புக் கற்றல் பற்றி ஆசிரியர்கள் சொல்வது

கலப்புக் கற்றல் நல்லதா, வேண்டாமா என்று மழலையர் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் நேரடியாகப் பதில் கிடைப்பது அபூர்வம். "எத்தனை பிள்ளைங்க? கூட இன்னொரு ஆள் இருக்காங்களா? ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேள்விகள்தான் திரும்பி வரும். நழுவுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்காக யோசித்த ஒரு முறை நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் வந்து சேரும்போது எங்கெங்கே இடிக்கும் என்பது அந்தக் கேள்விகளிலேயே இருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். பாடத்தின் ஒரு பகுதியை ஆசிரியர் நேரில் சொல்லித்தருவார், இன்னொரு பகுதியைக் குழந்தை வீடியோ, செயலி போன்றவற்றின் வழியே பார்த்துச் செய்யும். இதுதான் கலப்பு. வகுப்பு முழுதும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, ஒரு படியை முடித்த பிள்ளை அடுத்த படிக்குப் போகலாம் என்பது தன்வேகம். இரண்டோடும் ஒட்டி வருவது தேர்ச்சி: புரிந்துவிட்டது என்று காட்டிய பிறகுதான் அடுத்த படி. அமெரிக்காவில் 2018-இல் கரீம் ஃபரா, ராபர்ட் பார்னெட் என்ற இரு ஆசிரியர்கள் தொடங்கிய 'மாடர்ன் கிளாஸ்ரூம்ஸ் ப்ராஜெக்ட்' இந்த மூன்றையும் ஒரே முறையாகக் கட்டிப் பரப்பியது. ஆசிரியரே எடுத்த குறும்வீடியோக்கள், 'கட்டாயம் செய்ய வேண்டியது, செய்தால் நல்லது, முடிந்தால் செய்யலாம்' என்று பிரித்த வேலைகள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சிறு சோதனை என்பவை அதன் அடையாளங்கள். தொடங்கிய இருவரும் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித்தந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் இந்த எண்ணத்தின் வேர்களும் பெரிய பிள்ளைகளிடம்தான் இருக்கின்றன. தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்த பாடம் என்பதைக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் முன்வைத்தார். அதே ஆண்டு உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் பல்கலைக்கழக மாணவர்களுக்கான தன்வேக முறையை விவரித்தார். தனிப்பயிற்சியும் தேர்ச்சி முறையும் சேர்ந்தால் சராசரி மாணவரை இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) மேலே தூக்கலாம் என்று 1984-இல் புளூம் எழுதியதுதான் இன்றுவரை கல்விச் செயலிகளின் விளம்பரங்களுக்குப் பின்னால் நிற்கும் வாக்குறுதி. அதற்கு ஆதாரமாக இருந்தவை 4, 5, 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள். தனிப்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கர்ட் வான்லென் 2011-இல் கண்ட அளவு சுமார் 0.79 திட்டவிலக்கம்தான். அதுவும் பெரிய பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் பென்சில் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், தன்வேகம் என்பது மழலையர் கல்விக்குப் புதிதே அல்ல. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி திறந்த குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகள் பொருளைத் தாங்களே எடுத்து, வேண்டிய மட்டும் செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைத்தார்கள். பல வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் சிறு பள்ளிகளுக்காகக் கொலம்பியாவில் 1970-களில் உருவான 'எஸ்குவேலா நுவேவா', ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் அட்டைகளும் கற்றல் ஏணியும் என எல்லாமே பிள்ளையின் வேகத்தை ஒட்டி நடந்தவை. ஒரு மின்கம்பிகூட இல்லாமல் நடந்தவை. அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் இந்தப் புதுப் பேச்சைக் கேட்டதும், "இதைத்தானே இத்தனை நாளா பண்ணிட்டிருக்கோம்" என்கிறார்கள். பாதி உண்மை. வித்தியாசம், பிள்ளை தவறு செய்யும் இடத்தில் தெரிகிறது.

மாண்டிசோரியின் உருளைக் கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் சேராமல் கையிலேயே நிற்கும். குழந்தை வரிசையைப் பார்த்து, எங்கே பிசகியது என்று தேடியே ஆக வேண்டும். செயலியில் அப்படியில்லை. ஓர் எழுத்துக்கு மூன்று படம், ஒன்று சரி. முதல் தட்டலுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கும் சிவப்பு, மூன்றாவதுக்குப் பச்சை டிக், கைதட்டல் சத்தம், ஒரு நட்சத்திரம். மூன்று முறை தட்டினால் எப்படியும் பச்சை வரும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். புத்திசாலித்தனமான கண்டுபிடிப்புதான், எழுத்தைப் பற்றியது இல்லை, அவ்வளவுதான். எல்லாச் செயலிகளும் இப்படி என்று சொல்ல முடியாது. தவறான தட்டலைக் கணக்கில் எடுத்து, பழைய படிக்குத் திருப்பி அனுப்புபவையும் உண்டு. ஆனால் பள்ளி வாங்கும்போது இதையா பார்த்து வாங்குகிறது?

இந்த இடத்தை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். '7' என்ற பாடத்தை ஒரு குழந்தை முடித்துவிட்டது என்று திரை சொல்கிறது. ஏழு மீன்களைத் தொட்டது, 7 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது, எல்லாம் சரி. ஆசிரியர் மேசையில் ஏழு பொத்தான்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்கிறார். "ஏழு." அதே பொத்தான்களைக் குழந்தையின் கண் முன்னாலேயே கொஞ்சம் அகட்டி வைத்து, "இப்போ எத்தனை?" என்கிறார். குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது, அல்லது "நிறைய" என்கிறது. இடத்தை மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் இன்னும் வரவில்லை. அந்த வயதில் இது இயல்பு என்பதைக் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்தே அறிவோம். பிறகு ஆசிரியர், "இதுல ஏழு எடுத்து எனக்குக் குடு" என்று ஒரு குவியலை நீட்டுகிறார். குழந்தை கை நிறைய அள்ளித் தருகிறது. எண்ணிச் சொல்வது வேறு, எண்ணி எடுப்பது வேறு. இரண்டு நிமிடத்தில் ஆசிரியருக்குத் தெரிந்த இந்த விஷயம் திரையில் எங்கும் பதிவாகவில்லை.

ஆக, மழலையர் வகுப்பில் தேர்ச்சிச் சோதனையை ஆள்தான் நடத்த வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு வருவது 'தன்வேகம்' என்ற சொல்லில்.

தன் வேகத்தில் போக வேண்டுமென்றால், தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது ஓரளவாவது தெரிய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அது தெரியாது. உளவியலாளர் ஜான் ஃபிளேவலும் உடனாய்வாளர்களும் 1970-இல் செய்த எளிய சோதனை ஒன்று உண்டு. பத்துப் படங்கள் வரை காட்டி, எத்தனையை நினைவில் வைத்துச் சொல்வாய் என்று கேட்டார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பத்தையும் சொல்லிவிடுவேன் என்றார்கள். உண்மையில் அவர்கள் நினைவுகூர்ந்தது சராசரியாக அதில் பாதிக்கும் கீழே. இது பொய்யோ தற்பெருமையோ இல்லை, அந்த வயதின் மனநிலை. 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது' என்றுதான் வரும்.

இன்னொன்று, வேலையை மாற்றுவது. அட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்லிவிட்டு, இனி வடிவம் பார்த்துப் பிரி என்றால், மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நிறத்திலேயே நிற்பார்கள். புது விதியை வாயால் சரியாகச் சொல்வார்கள், கை பழையபடியே போகும். ஐந்து வயதுக்குள் பெரும்பாலோர் மாற்றிக்கொள்கிறார்கள். ஃபிலிப் ஸெலாஸோவின் இந்த அட்டைச் சோதனை உளவியலில் பெயர் பெற்றது. "முதல்ல வீடியோ பாரு, அப்புறம் மணி கோர்த்துட்டு, முடிஞ்சதும் தாள்ல வரை" என்ற மூன்று படிக் கட்டளையைத் தானே நினைவில் வைத்து, தானே மாறி மாறிச் செய்ய ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு சிரமம் என்பது இதிலிருந்து புரியும்.

அப்படியானால் தன்வேகம் நடக்காதா? நடக்கும். ஆனால் வேகத்தை நிர்ணயிப்பது குழந்தை அல்ல, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர். யார் சும்மா தட்டுகிறார்கள், யார் உண்மையிலேயே திணறுகிறார்கள், யாருக்கு இன்று தூக்கம், யார் மூன்று நாளாக அதே புதிரையே எடுக்கிறார்கள், அது சலிப்பா ஆழமா என்று கவனித்து, "நீ இன்னிக்கு இங்க வா" என்று சொல்வதுதான் மழலையர் வகுப்பின் தன்வேகம். அந்தக் கவனிப்புக்கு நேரம் கொடுத்தால் தொழில்நுட்பம் உதவி. அந்தக் கவனிப்பின் இடத்தில் உட்கார்ந்தால் அது தொல்லை. ஆசிரியர்களின் ஆதரவும் எதிர்ப்பும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தெரிந்தாலும், கேட்டுப் பார்த்தால் இரண்டும் இந்த ஒரு புள்ளியைத்தான் சுற்றி வருகின்றன.

ஆதரிப்பவர்கள் முதலில் சொல்வது நேரக் கணக்கு. வகுப்பில் 25 பிள்ளைகள், கையில் ஒரு மணி நேரம். ஆசிரியர் வேறெதுவும் செய்யாமல் ஒவ்வொருவரிடமாகப் பேசினாலே தலைக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஐந்து பேர் கொண்ட ஐந்து குழு, 12 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவது என்று வைத்தால், ஒவ்வொரு குழுவும் 12 நிமிடம் ஆசிரியருடன் உட்காரும். ஒரு மூலையில் வீடியோவும் அதையொட்டிய வேலையும், மற்ற மூலைகளில் கட்டை, களிமண், படப்புத்தகம். வீடியோ செய்வது, ஆசிரியர் ஐந்து முறை சொல்ல வேண்டிய விளக்கத்தைத் தான் ஏற்றுக்கொண்டு அவரை விடுவிப்பது. கிடைத்த 12 நிமிடத்தில் நடக்கும் மாறி மாறிப் பேச்சு சாதாரண விஷயமில்லை. நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ரேச்சல் ரோமியோ குழுவினர் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களோடு அதிகமாக மாறி மாறிப் பேசும் குழந்தைகளுக்குக் கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி கூடுதலாக இயங்கியது. காதில் எத்தனை சொல் விழுந்தது என்பதைவிட, எத்தனை முறை கேட்டுப் பதில் சொன்னார்கள் என்பதுதான் அங்கே கணக்குக்கு வந்தது.

அப்புறம் சில குறிப்பிட்ட பிள்ளைகள். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை, ஆசிரியர் சொன்னதை எல்லோர் முன்னாலும் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்காது. வீடியோவை நான்கு முறை போட்டுப் பார்ப்பதில் அதற்குக் கூச்சமில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் வராத குழந்தைக்கு விட்ட இடம் காத்திருக்கும். வரும்போதே வாசிக்கத் தெரிந்து வரும் குழந்தை, 'அ' எழுதும் வாரத்தில் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. வீடியோவில் ஆசிரியரின் சொந்த முகமும் குரலும் இருந்தால் பிள்ளைகள் கவனிப்பது கூடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். திரையில் "அனிதா மிஸ்" என்று கூவிவிட்டு, பக்கத்தில் நிற்கும் அதே மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் வயசு அது.

இனி திரை. இதில் ஆசிரியர்களின் தயக்கத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. 3, 4 வயதில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டல். அது வீட்டையும் சேர்த்த முழு நாள் கணக்கு. காலையிலும் இரவிலும் வீட்டில் எவ்வளவு பார்க்கிறது என்பது பள்ளிக்குத் தெரியாது. ஆகவே வகுப்பில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று ஆசிரியர்கள் கறாராக நிற்பதில் ஆச்சரியமில்லை.

நேரம் போக, திரையிலிருந்து என்ன ஏறுகிறது என்ற கேள்வியும் உண்டு. 2003-இல் பட்ரிஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழி கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் பேசிக் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தைத் திரையில் பேசிக் கேட்டவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு வயதையொட்டிய குழந்தைகளிடம் 2014-இல் வெளியான ஆய்வு இன்னும் நுணுக்கமானது: பதிவு செய்த வீடியோவிலிருந்து புது வினைச்சொற்களைக் கற்காத குழந்தைகள், எதிர்முனையில் இருப்பவர் பார்த்துப் பதில் பேசும் நேரலை வீடியோ அழைப்பில் கற்றார்கள். திரை என்பதல்ல, திரும்பிப் பதில் சொல்லாத திரை என்பதுதான் குறை. வயது ஏற ஏற இந்தக் குறை தேய்கிறது. ஐந்து வயதில் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, காகிதத்தை எப்படி மடிப்பது போன்ற செய்முறையைக் காட்ட இரண்டு மூன்று நிமிட வீடியோ நன்றாகவே வேலை செய்யும். மூன்று வயதில் அதே நம்பிக்கை வைக்க முடியாது. 'மழலையர் வகுப்பு' என்று ஒரே சொல்லில் மூன்றையும் ஆறையும் அடக்கிப் பேசுவதுதான் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து விஷயத்தில் ஒரு தெளிவான சான்று இருக்கிறது. இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. எழுத்தைத் தாமாகவே கையால் எழுதிப் பழகியவர்கள், விசைப்பலகையில் தட்டியவர்கள், புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தவர்கள் என்று ஒப்பிட்டதில், எழுத்தைப் பார்க்கும்போது வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் இயங்கியது கையால் எழுதியதற்குத்தான். கோணல்மாணலாக எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதும் வீண் வேலை இல்லை. செயலிகளில் மிகுந்து கிடைப்பதோ, விரலால் கோட்டைத் தொடர்ந்து போகும் பயிற்சி. எழுதுவதை மட்டும் திரைக்கு விடுவதில்லை என்று வைத்திருக்கும் ஆசிரியர்கள் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அன்றாடத் தொல்லைகளைச் சொல்லி முடியாது. "மிஸ், சத்தம் வரல", "மிஸ், சார்ஜ் இல்ல", "மிஸ், அவன் என்னோடத எடுத்துட்டான்." சின்னக் குழுவோடு உட்கார வேண்டிய ஆசிரியர் முதல் மாதம் முழுதும் ஹெட்போன் மாட்டிவிடும் ஆளாகிவிடுவார். பழகியவர்கள் முதல் சில வாரங்களுக்குக் கருவியையே வெளியே எடுப்பதில்லை. மணி அடித்தால் இடம் மாறுவது, எடுத்ததை வைப்பது, உதவி வேண்டுமானால் சிவப்பு அட்டையைத் தூக்குவது என்று பழக்கத்தை மட்டும் கட்டைகளோடும் புத்தகங்களோடும் பயிற்றுகிறார்கள். எழுத்தில் இருந்த கட்டளைகளைப் படமாக மாற்றிவிடுகிறார்கள்: காது, கத்தரி, வண்ணப் பென்சில்.

இதைவிடக் கஷ்டமானது "முடிச்சிட்டேன்!" தன்வேகம் என்று சொன்ன மறுநாளே அது ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். யார் எத்தனை நட்சத்திரம், யார் எந்தப் படியில் என்பது சுவரில் தொங்கினால் நிச்சயம் ஆகிவிடும். பெரிய வகுப்புகளில் முன்னேற்றப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது வழக்கம், தன் வேலையைத் தானே திட்டமிட அது உதவும் என்பது வாதம். மழலையர் ஆசிரியர்கள் இதில் பிரிந்து நிற்கிறார்கள். சிலர் பெயருக்குப் பதிலாகப் படச்சின்னம் போடுகிறார்கள், ஆனால் முயல் படம் யாருடையது என்பது வகுப்புக்கே தெரியும். பட்டியல் ஆசிரியரின் நோட்டில் இருக்கட்டும், சுவரில் பிள்ளைகள் வரைந்த படம் இருக்கட்டும் என்பது என் கட்சி.

தன்வேகத்தின் பெரிய ஆபத்து இடைவெளி. முன்னே இருப்பவர் இன்னும் முன்னே போவதும் பின்தங்கியவர் மேலும் பின்தங்குவதும் வாசிப்பில் எப்படி நடக்கிறது என்பதை கீத் ஸ்டனோவிச் 1986-லேயே விளக்கினார். 'அவன் வேகம் அவனுக்கு' என்று விட்டுவிட்டால், உதவி அதிகம் வேண்டிய குழந்தை சத்தமில்லாமல் பழைய படியிலேயே நின்றுவிடும். அடம்பிடிக்கும் பிள்ளை கண்ணில் படும். அமைதியாகத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை படாது. ஆகவே வேகத்துக்கு எல்லை போடுகிறார்கள்: இந்த வாரத்துக்குள் இந்த நான்கு வேலை எல்லோருக்கும் உண்டு, வரிசையும் நேரமும் உன் விருப்பம். இரண்டு நாளாக நகராத குழந்தை மூன்றாம் நாள் காலை முதல் குழுவில். கதை, பாட்டு, வட்டமாக உட்கார்ந்து பேசுவது எப்போதும் எல்லோருக்கும் சேர்ந்தே. தன் முறை வரும்வரை காத்திருப்பது, இன்னொருவர் பேசும்போது கேட்பது போன்றவை இந்த வயதின் பாடங்கள். ஆளுக்கொரு திரையில் அவற்றைக் கற்க வழியில்லை.

இவ்வளவையும் தயாரிப்பது யார்? வீடியோ எடுப்பது, மூன்று தரத்தில் வேலைகள் செய்து வைப்பது, தினமும் யார் எங்கே என்று குறிப்பது எல்லாம் பள்ளி மணி அடித்த பிறகு ஆசிரியர் வீட்டில் நடக்கிறது. இதற்கு நேரம் ஒதுக்கும் நிர்வாகம் குறைவு. டேப்லெட் வந்து இறங்கியதோடு திட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். செயலி தரும் சதவீதம் பெற்றோர் கைக்கு நேராகப் போகும்போது இன்னொரு சிக்கல். 90 என்று திரை சொன்ன குழந்தையைப் பற்றி, "பொத்தான்ல ஏழு எடுக்க இன்னும் வரல" என்று ஆசிரியர் சொன்னால் பெற்றோர் யாரை நம்புவார்கள்? 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விடையைத் தட்டியது அப்பாவா அம்மாவா பிள்ளையா என்பது செயலிக்குத் தெரியாது.

வீடியோ, தன்வேகம், ஆள் நடத்தும் சோதனை ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துவிட வேண்டுமென்றால் நான் முதலில் வீடியோவை எடுப்பேன். அட்டையும் மணியும் கட்டையும் வைத்து மற்ற இரண்டையும் நடத்தலாம், நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஆனால் 30 பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்றால் இந்த மூன்றில் எதுவுமே நிற்காது. ஒருவர் குழுவோடு உட்காரும்போது மற்றவர்களைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். நிர்வாகம் பட்ஜெட் போடும் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், ஆசிரியர்களின் பட்டியலில் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும். டேப்லெட் எத்தனை என்பது நாலாவதோ ஐந்தாவதோ வரி.